படத்தில் ஏன் மாடே வருவதில்லை?

நீங்கள் கேட்டது இது: "கௌபாய் என்றால் மாடு மேய்ப்பவன்தானே? நம் ஊரில் படிக்காத பிள்ளையை 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்று திட்டுகிறோம். அமெரிக்காவில் மட்டும் அவன் எப்படி வீரன் ஆனான்? நான் பார்த்த படங்களில் அவன் மாடு மேய்த்ததாக நினைவே இல்லையே?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த ஆள் விடிந்ததிலிருந்து இரவு வரை என்ன வேலை பார்த்தான் என்பது ஒன்று. அந்த வேலைக்கு எப்படி இவ்வளவு பேரும் புகழும் வந்தது என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதில் என் அபிப்பிராயமும் கலக்கும். கலக்கிற இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

நான் வரலாறு படித்தவன் அல்ல, கால்நடை மருத்துவன். முப்பது வருடத்துக்கு மேல் மாடுகளோடு போயிற்று. அதில் பாதி, ஒட்டுண்ணிகளைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தியதில். மாட்டின் ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணியைப் பற்றிய பாடத்தை எந்த ஊர்க் கல்லூரியில் நடத்தினாலும் டெக்சாஸைத் தொடாமல் நடத்த முடியாது. ஏன் என்பது பின்னால் வரும். உங்களைப் போலவே எனக்கும் கௌபாய் அறிமுகமானது சிவகாசியில் அச்சான காமிக்ஸ் புத்தகங்களிலும், எழுபதுகளில் தமிழிலேயே வந்த குதிரைப் படங்களிலும்தான். பிற்பாடு அந்த ஒட்டுண்ணிப் பாடத்துக்காகப் படிக்கப் போய், ஆளை விட்டுவிட்டு மாட்டின் பக்கம் நின்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலில் மாடு எங்கிருந்து வந்தது? ஸ்பானியர்கள் 1493 முதல் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய மாடுகளின் வாரிசுகள் மெக்சிகோ வழியாக டெக்சாஸுக்குப் பரவி, காட்டிலும் புதரிலும் தாமாகப் பெருகின. நீண்ட கொம்பு, ஒட்டிய வயிறு, வெறிக்கிற கண். கறி அதிகம் இராது. ஆனால் தண்ணீரில்லாத நிலத்தில் நடக்கும், ஓநாய் வந்தால் எதிர்த்து நிற்கும். 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது டெக்சாஸ் ஆண்கள் சண்டைக்குப் போய்விட்டார்கள். மாட்டைப் பிடிக்கவும் சூடு போடவும் ஆளில்லை. போர் முடிந்து திரும்பியபோது முப்பது லட்சத்திலிருந்து அறுபது லட்சம் வரை மாடுகள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். தலை எண்ணியவர் யாருமில்லை. விலை வித்தியாசம்தான் உறுதியாகத் தெரிந்த சங்கதி: டெக்சாஸில் மூன்று நான்கு டாலருக்குக் கேட்பாரில்லாத மாடு, வடக்கே நகரங்களில் முப்பது நாற்பது டாலருக்குப் போனது. நடுவே ரயில் இல்லை. மாட்டுக்குக் கால் இருக்கிறது, நடத்திக்கொண்டு போகலாம். கௌபாய் என்கிற தொழிலே இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தது.

1867-இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி, கன்சாஸில் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதையை ஒட்டி அபிலீன் என்ற குக்கிராமத்தில் நிலம் வாங்கி, பட்டியும் எடைமேடையும் விடுதியும் கட்டினார். முதல் வருடமே சுமார் 35,000 மாடுகள் வந்து சேர்ந்தன. அங்கே போகும் தடத்துக்கு 'சிஷம் தடம்' என்று பேர். ஜெஸ்ஸி சிஷம், செரோக்கி இனத் தாய்க்குப் பிறந்த ஒரு வணிகர். சரக்கு வண்டி ஓட்டியவர். அந்தப் பாதையில் மாட்டு மந்தை ஓட்டியவரல்ல, தன் பேரில் ஒரு சரித்திரம் எழுதப்படும் என்று தெரியாமலே 1868-இல் இறந்துவிட்டார். இந்தத் தடங்களின் காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் இருபது இருபத்தைந்து வருடம்தான். படங்கள் அதை ஒரு யுகம் போலக் காட்டிவிட்டன.

மாடு மட்டுமல்ல, தொழிலே ஸ்பானிய வழி வந்ததுதான். குதிரையில் உட்கார்ந்து சுருக்குக் கயிறு வீசி மாடு பிடிக்கும் வித்தையை மெக்சிகோவின் 'வக்கேரோ'க்கள் பல தலைமுறையாகச் செய்துவந்தார்கள். வாக்கா என்றால் ஸ்பானிய மொழியில் பசு. வக்கேரோ என்றால் மாட்டுக்காரன். ரான்ச், ரோடியோ, லாசோ, மஸ்டாங், புதர்முள் கிழிக்காமல் காலுக்கு மேல் கட்டும் தோல் உறையான சாப்ஸ் என்று கௌபாய் அகராதியில் பாதி அவர்களிடமிருந்து வாங்கியது. வெள்ளைக்கார இளைஞர்கள் அவர்களிடம் தொழில் கற்றார்கள், பிறகு அவர்களைவிட அதிகச் சம்பளமும் வாங்கினார்கள்.

இனி வேலைக்கு வருவோம். இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகள் கொண்ட ஒரு மந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு தலைவன், ஒரு சமையல்காரன், குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பையன், மீதிப்பேர் ஓட்டுகிறவர்கள். ஆளுக்கு ஆறிலிருந்து பத்துக் குதிரை, ஏனென்றால் ஒரே குதிரை நாள் முழுக்கத் தாங்காது. குதிரைகள் பெரும்பாலும் முதலாளியுடையவை. ஆளின் சொந்தச் சொத்து சேணம் மட்டுமே. 'அவன் சேணத்தை விற்றுவிட்டான்' என்றால் ஆள் அதோடு முடிந்தான் என்று அவர்கள் பேச்சில் பொருள். மந்தை நீண்ட பாம்பு போல ஒரு மைல் நீளத்துக்கும் மேல் போகும். தலைப்பக்கம் இரண்டு அனுபவசாலிகள், பக்கவாட்டில் நான்கு பேர், வாலில் புழுதி தின்றுகொண்டு சின்னப் பையன்கள். கழுத்தில் கட்டும் கைக்குட்டை அழகுக்கு அல்ல. வால்பக்கம் போகிறவன் அதை மூக்கில் ஏற்றிக்கட்டாவிட்டால் மூச்சு விட முடியாது.

ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பதினைந்து மைல். இது வேகமில்லை, வேண்டுமென்றே வைத்துக்கொண்ட நிதானம். மாட்டை விரட்டினால் இளைக்கும். இளைத்தால் விலை போகாது. காலையில் மேயவிட்டு, மெல்ல நகர்த்தி, நடுப்பகலில் தண்ணீர் காட்டி, மறுபடி மேயவிட்டு நகர்த்துவார்கள். நல்ல தலைவன் நடத்திய மந்தை எண்ணூறு மைல் நடந்த பிறகு புறப்பட்டபோது இருந்ததைவிடக் கனமாகப் போய்ச் சேரும். படத்தில் மாடு வந்தால் அது ஓடிக்கொண்டிருக்கும். நிஜத்தில் மாடு ஓடியது என்றால் யாரோ வேலையைக் கெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

சமையல்காரனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டத்தில் தலைவனுக்கு அடுத்த அதிகாரம் அவனுக்குத்தான். சம்பளமும் சாதாரண ஆளைவிட அதிகம். சார்லஸ் குட்நைட் என்ற பண்ணைக்காரர் 1866-இல் ராணுவம் கழித்துவிட்ட பழைய வண்டி ஒன்றின் பின்பக்கம் பெட்டியும் அறைகளும் அடித்து, மடக்கும் பலகை வைத்து, நடமாடும் சமையலறை ஆக்கினார். அதில் பீன்ஸ் பயறு, உப்புப் போட்ட பன்றிக்கறி, புளித்த மாவு ரொட்டி, கறுப்புக் காபி. ஆயிரக்கணக்கில் பசுவைச் சுற்றி இருந்தும் காபிக்குப் பால் கிடையாது, அந்த மாட்டைக் கட்டிக் கறக்க யாராலும் ஆகாது. சமையல்காரனே தையல்காரன், முடி திருத்துபவன், எலும்பு முறிந்தால் கட்டுப் போடுபவன். படுக்கப் போகுமுன் வண்டியின் ஏர்க்காலைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவான்; மறுநாள் மேகமூட்டமாக இருந்தாலும் வடக்கு எது என்று தெரிந்துவிடும்.

குட்நைட்டின் இன்னொரு ஏற்பாட்டை வகுப்பில் நான் தவறாமல் சொல்வேன். வழியில் பசு கன்று போட்டால் பிறந்த கன்றால் நடக்க முடியாது, அதை விட்டுவிட்டு வர தாயும் சம்மதிக்காது. அதனால் பல மந்தைகளில் காலையில் கன்றுகளைச் சுட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். அந்தப் பாவத்தை வாலில் வரும் பையன்கள் தலையில் கட்டியதும் உண்டு. குட்நைட் கன்றுகளுக்கென்று தனி வண்டி வைத்தார். அங்கே ஒரு சிக்கல். பல கன்றுகள் ஒரே வண்டியில் உரசிக்கொண்டு வந்ததில் வாடை கலந்துபோய், மாலையில் இறக்கிவிட்டால் தாய்கள் மோந்து பார்த்துவிட்டு உதைத்துத் தள்ளின. ஒவ்வொரு கன்றையும் தனித்தனிச் சாக்கில் போட்டு, தினமும் அதே சாக்கில் அதே கன்று இருக்கும்படி அடையாளம் வைத்த பிறகுதான் ஊட்டவிட்டன. பசு கன்றை மோப்பத்தால் அறிகிறது என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்கிறோம். அவர் சாக்குப்பையில் கண்டுபிடித்தார்.

இரவில் மந்தையைப் படுக்கவிட்டதும் இரண்டிரண்டு பேராக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டு காவல். ஒருவன் இந்தப் பக்கமாகவும் மற்றவன் எதிர்ப்பக்கமாகவும் சுற்றிவருவார்கள், பாடிக்கொண்டே. கௌபாய் பாட்டு என்று இன்று இசைத்தட்டு விற்கிறார்களே, அதன் வேர் இது. கேட்கிறவர் மாடுகள். மனிதக் குரல் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று ஒரு சுள்ளி முறியும் சத்தம் அவற்றைத் திடுக்கிட வைக்காது. தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோனால் தேவாலயப் பாட்டு, அதுவும் தீர்ந்தால் கெட்ட வார்த்தையையே ராகம் போட்டு. தூக்கத்தை விரட்டக் கண்ணிமையில் புகையிலைச் சாற்றைத் தடவிக்கொண்டதாகச் சிலர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்கள். கேட்கவே எரிகிறது, ஆனால் ஒருவருக்கு மேல் எழுதியிருப்பதால் நம்பலாம்.

இடி இடித்தால் கதை வேறு. இரண்டாயிரம் மாடுகள் ஒரே நொடியில் எழுந்து இருட்டில் ஓடும். அவற்றை நிறுத்த ஒரே வழி, முன்னால் ஓடுபவற்றின் பக்கவாட்டில் குதிரையை விட்டு நெருக்கி, வளைத்து, மந்தையைத் தன்னைத்தானே சுற்றிவரும்படி செய்வது. எலிவளையில் குதிரையின் கால் சிக்கினால் ஆள் அதோடு சரி. கௌபாய்கள் எப்படிச் செத்தார்கள் என்று நினைவுக்குறிப்புகளில் தேடினால் ஆற்றைக் கடக்கும்போது மூழ்கியவர்கள், அங்கவடியில் கால் மாட்டிக் குதிரையால் இழுத்துச் செல்லப்பட்டவர்கள், வெட்டவெளியில் மின்னல் தாக்கியவர்கள், மழையில் நனைந்து மார்ச்சளி கண்டவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. ரெட் ஆறு வெள்ளமாக வந்த நாட்களில் அது எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பதற்கு முழுக் கணக்கில்லை.

இத்தனைக்கும் மாதச் சம்பளம் இருபத்தைந்திலிருந்து நாற்பது டாலர். மூன்று மாதம் நடந்து ஊர் போய்ச் சேர்ந்ததும் கையில் நூறு டாலர் வரும்; குளியல், முடிவெட்டு, புதுச் சட்டை, ஒரு போட்டோ, சாராயம், சீட்டு என்று இரண்டு மூன்று நாளில் கரையும். குளிர்காலத்தில் பாதிப்பேருக்கு வேலையில்லை. 1883-இல் டெக்சாஸின் வடமூலையில் சில பண்ணைகளின் ஆட்கள் மாதம் ஐம்பது டாலர் வேண்டும் என்று வேலைநிறுத்தமே செய்தார்கள். தோற்றுப்போனார்கள், முதலாளிகள் எளிதாக வேறு ஆட்களைப் பிடித்துக்கொண்டார்கள். நான் படித்தவற்றில் கௌபாயின் உண்மை நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் வேறில்லை. அவன் கூலிக்காரன், பருவ வேலைக்காரன், பெரும்பாலும் இருபது வயதுப் பையன். அவனைப் பற்றி வந்த படங்களில் வேலைநிறுத்தத்தை நான் பார்த்ததில்லை.

எல்லாரும் வெள்ளையர்களா? இல்லை, இது உறுதி. எத்தனை பேர் என்பதுதான் உறுதியில்லை. தடங்களில் போன மந்தைக்காரர்கள் சங்கத்தின் தலைவர் ஒருவர் முதுமையில் சொன்ன கணக்கு, மொத்தம் 35,000 பேர் போயிருப்பார்கள், அதில் மூன்றிலொரு பங்கு கறுப்பரும் மெக்சிகரும் என்பது. அது அவருடைய மதிப்பீடு. பதிவேடு பார்த்துச் சொன்னதல்ல. 'நாலில் ஒருவர் கறுப்பர்' என்று இணையத்தில் சுற்றுகிற எண்ணும் இப்படி வந்ததுதான். இருந்திருக்கலாம், நிரூபணம் இல்லை. அதேபோல, கறுப்பின வேலைக்காரனைத்தான் 'பாய்' என்று இழிவாகச் சொன்னார்கள், அதிலிருந்தே கௌபாய் என்ற சொல் வந்தது என்பதையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். மாடு மேய்க்கும் சிறுவன் என்ற பொருளில் அந்தச் சொல் 1725-லேயே ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தனி மனிதர்களைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம். அடிமையாகப் பிறந்த போஸ் ஐகார்ட், குட்நைட்டின் மந்தைகளோடு நடந்தவர். பணத்தை நம்பி ஒப்படைக்க அவரைவிட ஆளில்லை என்று குட்நைட் சொன்னார். 1929-இல் ஐகார்ட் இறந்தபோது டெக்சாஸின் வெதர்ஃபோர்டில் கல்லறைக்கல் நட்டவரும் குட்நைட்டே.

துப்பாக்கிக்கு வருகிறேன். துப்பாக்கி வைத்திருந்தார்கள், பாம்புக்கும், கால் முறிந்த குதிரைக்கும், சில சமயம் திருடனுக்கும். ஆனால் மந்தை பக்கத்தில் ஒரு குண்டு வெடித்தால் மாடு சிதறும் என்பதால் பல தலைவர்கள் அதை வண்டியில் போட்டு வைக்கச் சொன்னார்கள். முப்பது லட்சம் ஏக்கர் கொண்ட எக்ஸ்.ஐ.டி. பண்ணை 1880-களின் கடைசியில் போட்ட விதிகளில் கைத்துப்பாக்கி, சூதாட்டம், சாராயம் மூன்றுக்கும் தடை. கன்சாஸின் டாட்ஜ் சிட்டி ஊர் நுழைவில் ஆயுதம் கொண்டுபோவது கண்டிப்பாகத் தடை என்று பலகையே வைத்திருந்தார்கள். 1881 அக்டோபர் 26-இல் அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் நடந்த, ஆயிரம் முறை படமான அந்தச் சண்டை சுமார் அரை நிமிடம். மூன்று பேர் செத்தார்கள். ஊருக்குள் ஆயுதம் கூடாது என்ற சட்டமே அன்றைய தகராறின் உடனடிக் காரணங்களில் ஒன்று.

கன்சாஸின் ஐந்து மாட்டுச் சந்தை ஊர்களில் 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகளை ஒரு வரலாற்றாசிரியர் எண்ணிப் பார்த்து 45 என்றார். ஊருக்கு ஒரு சந்தைப் பருவத்துக்கு ஒன்றரை வீதம். 'பார்த்தீர்களா, அமைதியான ஊர்கள்' என்று ஒரு கூட்டம் இதைத் தூக்கிப் பிடிக்கிறது. வேறு சிலர், அந்த ஊர்களில் இருந்ததே ஆயிரம் இரண்டாயிரம் பேர், தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் பயங்கரமான விகிதம் என்கிறார்கள். கால்நடை நோய்க் கணக்குப் போட்டுப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் விகிதம் பார்ப்பது ஆபத்து, ஒரு கொலை கூடினாலும் குறைந்தாலும் படமே மாறும். தினமும் சாயங்காலம் தெருவில் துப்பாக்கிச் சண்டை நடக்கவில்லை என்பதை மட்டும் தயங்காமல் சொல்லலாம்.

பூர்வகுடிகளோடு ஓயாத போர் என்பதும் பாதிதான் சரி. இன்றைய ஓக்லஹோமாவைத் தாண்டும்போது செரோக்கி, சிக்கசா போன்ற நாடுகள் தலைக்கு இவ்வளவு சென்ட் என்று கடப்பு வரி கேட்டன. பெரும்பாலும் பேரம் பேசி, பணமோ சில மாடுகளோ கொடுத்துவிட்டுப் போனார்கள். உயிர்ச்சேதமும் நடந்தது. குட்நைட்டின் கூட்டாளி ஆலிவர் லவிங், 1867-இல் கொமான்சே தாக்குதலில் பட்ட காயத்தால் இறந்தார். இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் பதில் நேர்மையாக இராது. 1874 செப்டம்பரில் டெக்சாஸின் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் ராணுவம் கொமான்சே, கயோவா மக்களின் முகாமைத் தாக்கி, பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுக் கொன்றது. குதிரை போனால் அவர்களுக்கு வாழ்வே போயிற்று. காட்டெருமைகளை ஏற்கெனவே தோலுக்காக வேட்டையாடி முடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டே வருடத்தில், 1876-இல், அதே பள்ளத்தாக்கில் குட்நைட் தன் மாடுகளை இறக்கிப் பண்ணை தொடங்கினார். அந்தப் 'பரந்த வெளி' காலியாகக் கிடக்கவில்லை. காலி செய்யப்பட்டது.

இப்போது என் தொழில் விஷயம். டெக்சாஸ் மந்தை ஒரு ஊர் வழியாகப் போகும். அதில் ஒரு மாட்டுக்கும் நோய் இருக்காது. போய் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து அந்த ஊர் மாடுகள் கடும் காய்ச்சல் கண்டு, ரத்தச் சிவப்பாக மூத்திரம் பெய்து, கூட்டமாகச் சாகும். 1868-இல் இல்லினாய், இந்தியானா வரை இது பரவியது. ஆரோக்கியமான மாடு நோய் பரப்புகிறது, நோய்ப்பட்ட உள்ளூர் மாடோ பக்கத்து மாட்டுக்குப் பரப்புவதில்லை. குளிர்காலம் வந்தால் எல்லாம் நின்றுவிடுகிறது. இதற்கு யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை. கெட்ட காற்று என்றார்கள், எச்சில் என்றார்கள், நச்சுப்புல் என்றார்கள். உண்ணிதான் என்று சில மாட்டுக்காரர்கள் சொன்னபோது படித்தவர்கள் சிரித்தார்கள். கன்சாஸ் விவசாயிகள் காரணத்துக்குக் காத்திருக்கவில்லை. துப்பாக்கியோடு எல்லையில் நின்று மந்தையைத் திருப்பி அனுப்பினார்கள். கௌபாய்க்கு எதிரே உண்மையிலேயே துப்பாக்கி நீட்டியவர்களில் இந்தச் சம்சாரிகளுக்கு முக்கிய இடம் உண்டு.

கன்சாஸ் மாநில அரசு ஒரு கோடு போட்டு, அதற்குக் கிழக்கே டெக்சாஸ் மாடு வரக்கூடாது என்றது. குடியேற்றம் மேற்கே நகர நகரக் கோடும் நகர்ந்தது. அபிலீன் 1871-உடன் முடிந்தது. பிறகு எல்ஸ்வொர்த், விசிடா. 1876-இல் கோடு மறுபடி நகர்ந்ததும் விசிடா ஓய்ந்து டாட்ஜ் சிட்டிக்கு யோகம் அடித்தது. 1885-இல் கன்சாஸ் முழுவதற்குமே தடை வந்ததும் டாட்ஜ் சிட்டியும் ஓய்ந்தது. ரயில் பாதையும் இதில் பங்கு பெற்றது, மறுக்கவில்லை. ஆனாலும் நீங்கள் படத்தில் பார்க்கும் அந்த ஊர்கள் ஒவ்வொன்றும் சில வருடமே ஆடி அடங்கியதற்குப் பின்னால் மிளகளவு பூச்சி ஒன்று இருக்கிறது.

1889 முதல் வாஷிங்டனுக்கு அருகே தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் செய்த சோதனை எளிமையானது. ஒரு பட்டியில் உண்ணியோடு இருக்கும் தெற்கு மாட்டையும் வடக்கு மாட்டையும் சேர்த்து விட்டார்கள். இன்னொன்றில் தெற்கு மாட்டிலிருந்து உண்ணியைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு வடக்கு மாட்டோடு விட்டார்கள். மூன்றாவதில் தெற்கு மாடே இல்லை, உண்ணியை மட்டும் புல்லில் தூவினார்கள். உண்ணி இருந்த இடத்தில் மாடு விழுந்தது, இல்லாத இடத்தில் விழவில்லை. ரத்தச் சிவப்பணுவுக்குள் வாழும் பபீசியா என்ற ஓரணு உயிரியை உண்ணி சுமக்கிறது, தாய் உண்ணியின் முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் போகிறது என்று 1893-இல் வெளியிட்டார்கள். அந்த ஒரு மாத இடைவெளியின் மர்மம் இதுதான்: தாய் உண்ணி விழுந்து, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அது புல்லேறி அடுத்த மாட்டைப் பிடிக்க எடுத்துக்கொண்ட காலம். டெக்சாஸ் மாடு சாகாததற்குக் காரணம், கன்றுப் பருவத்திலேயே லேசாக நோய் வந்து தேறி எதிர்ப்பு பெற்றுவிடுவது. நம் பக்கத்தில் வெளியூரிலிருந்து கலப்பினப் பசு வாங்கிவந்தவர்கள் "டாக்டர், மாடு காபித் தண்ணி மாதிரி மூத்திரம் போகுது" என்று ராத்திரியில் ஓடிவருவார்களே, அது இந்தக் குடும்பத்து நோய்தான். நாட்டு மாட்டுக்கு அது எளிதில் வருவதில்லை என்பதும் அதே கதை.

முடிவு சீக்கிரம் வந்தது. 1874-இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். பத்து வருடத்தில் திறந்தவெளி வேலிக்குள் போயிற்று. ரயில் டெக்சாஸுக்குள்ளேயே வந்துவிட்டது. ஸ்காட்லாந்து, இங்கிலாந்துப் பணம் கொட்டி வடக்கே மேய்ச்சல் நிலத்தில் தாங்க முடியாத அளவு மாட்டை ஏற்றினார்கள். 1886-87 குளிர்காலத்தில் பனி உறைந்து புல் மூடியதும் லட்சக்கணக்கில் செத்தன. பிற்பாடு ஜனாதிபதியான தியடோர் ரூஸ்வெல்ட் டகோட்டாவில் வைத்திருந்த மந்தையில் பெரும்பங்கும் அதில் போயிற்று. அதன் பிறகு கௌபாய் என்றால் வேலி சரிபார்ப்பவன், வைக்கோல் அறுப்பவன். குதிரையை விட்டு இறங்கிச் செய்கிற வேலை என்பதால் பலருக்கு அது பிடிக்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி இங்கே வருகிறது. அவன் வாழ்ந்த காலத்தில் அவன் வீரனே அல்ல. 1881 டிசம்பரில் ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில், அரிசோனாவில் அட்டகாசம் செய்யும் ஆயுதம் தாங்கிய முரடர்கள் 'கௌபாய்ஸ்' என்று அழைக்கப்படுகிறார்கள் என்று வருகிறது. மரியாதையான பண்ணைக்காரரை அந்தப் பேரால் கூப்பிட்டால் சண்டைக்கு வருவார். நம் ஊர்த் திட்டுக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. பிறகு 1883-இல் 'பஃபலோ பில்' என்று பேர் பெற்ற வில்லியம் கோடி தன் திறந்தவெளிக் குதிரைக் காட்சியைத் தொடங்கினார். பக் டெய்லர் என்ற நெட்டை ஆளை 'கௌபாய்களின் ராஜா' என்று நிறுத்தினார். 1887-இல் மலிவு விலைக் கதைப்புத்தகம் அவரை நாயகன் ஆக்கியது. அதே ஆண்டு காட்சி லண்டன் போய் விக்டோரியா மகாராணி முன்னால் நடந்தது. அதாவது தடங்கள் மூடிக்கொண்டிருந்த அதே வருடங்களில்.

இனி என் அபிப்பிராயம். காட்சி மைதானத்துக்குள் குதிரை ஓட்டலாம், கயிறு வீசலாம், சுடலாம். நாளுக்குப் பன்னிரண்டு மைல் வீதம் மூன்று மாதம் மாடு நடப்பதைக் காட்ட முடியாது. காட்ட முடிந்தது மட்டும் மிஞ்சியது. சினிமா அதையே வாங்கிக்கொண்டது. குதிரையேறியவன் தரையில் நிற்பவனைவிட உயரமாகத் தெரிவான் என்பதும் ஒரு காரணமாக இருக்கும். நம் மேய்ப்பன் நடந்தே போகிறான்.

இந்தியாவுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. உண்ணிக்கு ஈடுகொடுக்கும் மாடு தேடிய டெக்சாஸ்காரர்கள் திமிலுள்ள இந்திய இனங்களை இறக்கினார்கள். கிர், குசராத் இனங்களுடன், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் என்கிற ஓங்கோல் மாடுகளும் கலந்து உருவானதுதான் அமெரிக்காவின் 'பிராமன்' இனம். 1906-இல் தொடங்கிய உண்ணி ஒழிப்பு 1943-இல் ஏறக்குறைய முடிந்தது, மெக்சிகோ எல்லையோரம் ஒரு பட்டை நிலம் தவிர. ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் சுமார் ஐநூறு மைலுக்கு இன்றும் தடுப்பு மண்டலம் இருக்கிறது. அங்கே அரசுச் சம்பளத்தில் குதிரையேறி, தொப்பி வைத்து, சாப்ஸ் கட்டி, ஆற்றைத் தாண்டி வரும் மாட்டைக் கயிறு வீசிப் பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 'உண்ணிச் சவாரிக்காரர்கள்' என்று பேர். பிடித்த மாட்டை ஒடுக்கில் நிறுத்தி, மடிக்கடியிலும் அலைதாடியிலும் வாலடியிலும் விரலால் தடவித் தடவி உண்ணி தேடுவார்கள். இயந்திரம் எதுவும் கிடையாது. நானும் என் மாணவர்களுக்கு அந்த இடங்களைத்தான் தொட்டுக் காட்டினேன், அதே விரலால்.